கண் திறக்காத தையல்சிட்டு

கொடுத்த வாக்கு பெரிதா, கேட்டு நிற்பவனின் பயம் பெரிதா? அவசரப்பட்டுப் பதில் சொல்லாதீர்கள். முதலில் பெயிண்டர் நல்லபெருமாள் பட்ட பாட்டைக் கேளுங்கள்.

இரண்டாம் உலகப்போரின்போது பர்மா எல்லைக் காட்டில் ஒரு போர்விமானப் படைப்பிரிவு தங்கியிருந்தது. விமானங்களுக்கு எண் எழுதுவது நல்லபெருமாளின் வேலை. ஊரில் கோயில் வாகனங்களுக்கு வர்ணம் தீட்டியவர். அந்த விமானங்களின் பின்பாதிக்குத் துணிதான் போர்வை. குண்டு பட்டுக் கிழிந்தால் தூத்துக்குடி அருளப்பன் ஊசிநூலால் தைத்து ஒட்டுப்போடுவார்.

ஒருநாள் விமானி குணபாலனின் விமானம் கந்தலாகத் திரும்பியது. அருளப்பன் தைத்து முடித்ததும், நல்லபெருமாள் குறும்பாக அந்தத் தையலின் மேலேயே, இலையைத் தைத்துக் கூடு கட்டுகிற தையல்சிட்டு ஒன்றை வரைந்துவிட்டார். குணபாலனுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

“இது என் வண்டிக்கு மட்டும்தான்ணே. உலகத்துலயே ஒண்ணுதான்னு என் சம்சாரத்துக்கு எழுதப்போறேன்.”

“சத்தியமா வேற எதுலயும் போடமாட்டேன் சார்.”

அடுத்த வாரம் சிட்டோடு பறந்தவர் திரும்பவில்லை. தகவலும் இல்லை. எல்லாரும் நம்பிக்கையை விட்டுவிட்டார்கள். நல்லபெருமாள் மட்டும் வானத்தை அண்ணாந்து பார்ப்பதை நிறுத்தவில்லை.

அப்போதுதான் புது விமானி இருதயராஜ் வந்து நின்றான். முகத்தில் ஈயாடவில்லை. “முதல் தடவையாச் சண்டைக்குப் போறேன். எனக்கும் அந்தச் சிட்டு வேணும்ணே.”

நல்லபெருமாள் இருதலைக்கொள்ளி எறும்பானார். வரைந்தால் குணபாலன் செத்துவிட்டார் என்று தானே ஒப்புக்கொண்டதாகும். மறுத்தால் இந்தப் பிள்ளை நடுக்கத்தோடு போவான். கடைசியில் வரைந்தார், கண்ணை மட்டும் திறக்கவில்லை. கண் திறக்காத வரைக்கும் சாமி வாகனமே வெறும் மரம்தான், இது மட்டும் சிட்டாகிவிடுமா, வாக்கு தப்பவில்லை என்று மனத்தைத் தேற்றிக்கொண்டார்.

பார்த்த அருளப்பனுக்குப் பொறுக்கவில்லை. “குருட்டுச் சிட்டோடயா வே பிள்ளைய அனுப்புதீரு?”

“நான் வாக்குக் குடுத்திருக்கேன் வே!”

“நான் குடுக்கலையே” என்று தூரிகையைப் பிடுங்கிக் கண்ணைத் திறந்துவிட்டார். இருதயராஜ் போனான், நல்லபடியாகத் திரும்பியும் வந்தான்.

சில நாள் கழித்து, காட்டுவாசிகள் காப்பாற்றிய குணபாலன் காலில் கட்டோடு லாரியில் வந்து இறங்கினார். எதிரே, வேறொரு விமானத்தில் அவருடைய சிட்டு. நல்லபெருமாளுக்குச் சந்தோஷத்தில் அழுகை வந்தது. வெட்கத்தில் தலையைக் குனிந்துகொண்டார்.

கண்ணைத் திறக்காமல் விட்டவர், திறந்துவிட்டவர். இவர்களில் யார் செய்தது சரி?

விடை: அருளப்பன் செய்ததே சரி. நல்லபெருமாள் கண்ணை மூடிவைத்தது குணபாலன் திரும்பி வருவார் என்ற ஆசையால். அந்த ஆசை தங்கம்தான். ஆனாலும் இல்லாதவரின் உரிமையைவிட, புறப்படுகிறவனின் தைரியம் பெரிது. வாக்கை வாங்கியவரே அப்படித்தான் நினைத்தார். சிட்டைப் பார்த்ததும் குணபாலன் கேட்டது ஒன்றே ஒன்று: “இதை ஓட்டின பையன் பத்திரமா இருக்கானா?” இருக்கிறான் என்றதும், “அப்ப மிச்ச வண்டியிலயும் வரைஞ்சிருங்கண்ணே. என் சம்சாரத்துகிட்ட நான் சொல்லிக்கிறேன்” என்றார். அந்தப் படைப்பிரிவுக்குத் தையல்சிட்டு சின்னமானது அன்றைக்குத்தான்.