இருவாச்சி அலகின் பாரம் இறங்கிய கதை

அந்தக் காலத்தில் மலையில் குடியிருந்தவர்களும் மரத்தில் குடியிருந்தவர்களும் ஒரே பேச்சுத்தான் பேசினார்கள். ஆபத்து என்றால் மனிதர்கள் பறவைகளைக் கூப்பிடுவார்கள். பறவைகளும் மனிதர்களைக் கூப்பிடும்.

அப்போது இருவாச்சிப் பறவையின் அலகு உள்ளும் புறமும் கருங்கல்லைப் போலக் கெட்டியாக இருந்தது. ஓங்கிக் கொத்தினால் அடிமரமே பிளந்துவிடும். கூட்டுக்காக அது பொந்து தேடி அலைந்ததில்லை. பிடித்த மரத்தில் தானே குடைந்துகொள்ளும்.

அந்த மலையில் மசணி என்றொரு பெண் இருந்தாள். அவள் கணவன் காரையன், கீழ்நாட்டுக் கொல்லனிடம் சொல்லிப் பெரிய கோடாலி ஒன்றைச் செய்து வாங்கி வந்திருந்தான். கனம் இருந்தால்தான் ஒரே வெட்டில் வேலை முடியும் என்பது அவன் எண்ணம். ஆடி மழையில் ஒருநாள் அந்தக் கனம் அவன் கையை மீறியது. கோடாலி ஈரமரத்தில் வழுக்கி அவன் காலிலேயே இறங்கிவிட்டது.

காரையன் காய்ச்சலில் கிடந்தான். மூன்று நாளாக மழை விடவில்லை. விறகு தீரப்போகிறது. மசணி கோடாலியைத் தூக்கிப் பார்த்தாள். இடுப்புவரை வந்தது, அதற்குமேல் வரவில்லை. வீட்டு முன்னால், போன வருடக் காற்றில் விழுந்த மரம் அப்படியே கிடந்தது.

அவள் அத்திமரத்தடிக்குப் போய் இருவாச்சியைக் கூப்பிட்டாள்.

"அண்ணா, அவருக்கு உடம்பெல்லாம் நடுங்குது. அடுப்பு அணைஞ்சா தாங்கமாட்டார்."

இருவாச்சிக்கும் வேலை இருந்தது. அதன் மனைவி உயரமான மரத்துப் பொந்துக்குள் குஞ்சுகளோடு இருந்தாள். பாம்புக்குப் பயந்து வாசலை மண்ணால் பூசி, அலகு நுழையும் அளவுக்கு ஒரு கீறல் மட்டும் விட்டிருந்தார்கள். இருவாச்சி கொண்டுபோகும் பழம்தான் அவர்களுக்கு உயிர். ஆனாலும் மசணியின் முகத்தைப் பார்த்தபின் மறுக்க அதற்கு மனம் வரவில்லை.

"ஒரு கொத்துதானே தங்கச்சி. முடிச்சுட்டுப் போயிடறேன்."

வந்தது. ஓங்கிக் கொத்தியது. அந்த மரத்தின் நார் உள்ளே முறுக்கி ஓடியிருந்தது இருவாச்சிக்குத் தெரியாது. மரம் பிளக்கவில்லை. அலகு கண்வரைக்கும் இறங்கி மாட்டிக்கொண்டது. இழுக்க இழுக்க ஈரமரம் இறுக்கிப் பிடித்தது.

மத்தியானம் ஆயிற்று. பொந்துக்குள்ளிருந்து குரல் கேட்டது. "எங்கே போனீங்க? பிள்ளைங்க பசியில கத்துதுங்க."

வாய் மரத்துக்குள் இருந்ததால் இருவாச்சியால் பதில்கூடச் சொல்ல முடியவில்லை. அதன் கண்ணிலிருந்து நீர் வழிந்தது. மசணி பதறிப்போய்க் கோடாலியை இழுத்துவந்தாள். கை நழுவினால் அதன் தலை போய்விடும் என்று உறைத்ததும் கீழே போட்டுவிட்டாள்.

சத்தம் கேட்டு மரங்கொத்தி பறந்து வந்தது.

"உன் குச்சி அலகால என்ன ஆகும்?" என்றாள் மசணி.

"பார்ப்போம் அக்கா."

அது மரத்தின்மேல் நடந்து நடந்து தட்டியது. ஒவ்வொரு தட்டுக்கும் காதைச் சாய்த்துக் கேட்டது. முறிந்த முனைக்கு வந்ததும் நின்றது. அங்கே மயிரிழைபோல ஒரு விரிசல். அதை மெல்லக் கொத்தி விரல் நுழையும் அளவுக்கு ஆக்கியது.

"இங்கேதான் மரம் தானா வாயைத் திறக்குது. இதுல ஏதாவது இறக்குங்க."

மசணி காய்ந்த வாகைக் கிளையை ஆப்பாகச் சீவினாள். விரிசலில் வைத்துக் கல்லால் தட்டினாள். அருகே இன்னொன்று. மூன்றாவது ஆப்பு இறங்கியபோது மரம் முனகிக்கொண்டு இரண்டாக விரிந்தது.

அலகு விடுபட்டது. ஆனால் இருவாச்சியால் தலையைத் தூக்க முடியவில்லை. காலையிலிருந்து இழுத்ததில் கழுத்து ஓய்ந்துபோயிருந்தது. அலகின் பாரம் தலையைத் தரையோடு அழுத்தியது.

"நாலு நாள் படுத்திருந்தா சரியாகும்" என்றது மரங்கொத்தி.

"பொந்துக்குள்ள நாலு நாள் அவ தாங்குவாளா?" என்றது இருவாச்சி.

மரங்கொத்தி தயங்கியது. "அலகுக்குள்ள இருக்கிற கெட்டியைக் குடைஞ்சு எடுத்துடலாம். பாரம் குறையும். ஆனா அண்ணா, அப்புறம் நீங்க மரம் பிளக்க முடியாது. பொந்து குடையவும் முடியாது."

இருவாச்சி கண்ணை மூடிக்கொண்டது. அந்த அலகை மதித்துத்தான் காடே அதற்கு வழிவிட்டது.

"பழம் எடுக்க முடியுமா?"

"முடியும்."

"அவ வாயில கொடுக்க?"

"அதுவும் முடியும்."

"அப்போ குடை."

மசணி அதன் தலையை மடியில் தாங்கிக்கொண்டாள். மரங்கொத்தி பொறுமையாகக் குடைந்தது. அந்தி சாய்வதற்குள் இருவாச்சி எழுந்து, தள்ளாடி, பறந்தது. அத்திப்பழத்தைக் கவ்விக் கீறலுக்குள் நீட்டியது. அலகோடு அலகு பட்டதும் மனைவி திடுக்கிட்டாள்.

"என்னங்க, வெற்றுக்கலம் மாதிரி சத்தம் வருது?"

"அப்புறம் சொல்றேன். முதல்ல பிள்ளைங்களுக்குக் கொடு."

அன்று மசணியின் அடுப்பு அணையவில்லை. காரையனின் கால் தேறியதும் இருவரும் மலையிறங்கிக் கொல்லனிடம் போனார்கள். பெரிய கோடாலியை அவன் முன்னால் வைத்து, அதை உடைத்துச் சின்னதாக அடித்துத் தரச் சொன்னார்கள்.

"எத்தனை துண்டாக்கணும்?" என்றான் கொல்லன்.

காரையன் மசணியைப் பார்த்தான். "ஒரு கைக்கோடாலி, நான் தூக்குற மாதிரி. மிச்ச இரும்புல ஆப்பு அடிச்சுக் கொடுங்க" என்றாள் அவள்.

அன்று முதல்தான் இருவாச்சியின் அலகு பார்க்கப் பெரிதாகவும் தூக்க லேசாகவும் இருக்கிறது. அது பிறர் விட்டுப்போன பொந்தைத் தேடிக் குடியேறுகிறது. விறகுக்குப் போகும் மலைப்பெண்கள் இடுப்பில் சின்னக் கோடாலியும் மடியில் ஆப்பும் மட்டும் கொண்டுபோய், வெட்டுவதற்கு முன் மரத்தைத் தட்டிப் பார்க்கிறார்கள்.