அரசியின் அறைக்கு என்ன வண்ணம்?

தென்மலைக்கோட்டையை ஆண்ட வல்லபசேனருக்கு எதிரிப் படையைக் கண்டு பயம் கிடையாது. அரசி கோமளவல்லி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டால்தான் பயம். அந்த ஆடி மாதம் அரசி சிரிப்பதையே நிறுத்திவிட்டாள். சாப்பிடக் கூப்பிட்டால் பசி இல்லை. நாட்டியம் பார்க்கக் கூப்பிட்டால் தலைவலி.

காரணம் அரண்மனையில் எல்லோருக்கும் தெரியும். மகள் செண்பகநாச்சிக்கு வைகாசியில்தான் கல்யாணம் நடந்தது. மறுவீட்டு விருந்தில் மருமகன் சொக்கட்டான் ஆடி மாமனாரைத் தோற்கடித்துவிட்டான். அதோடு விட்டிருக்கலாம். "மாமா, இன்னொரு ஆட்டம் போடலாமா?" என்று எல்லோர் முன்னாலும் சிரித்துத் தொலைத்தான்.

"அவனாக வந்தால் வரட்டும். நானாகக் கூப்பிட மாட்டேன்" என்று அரசர் முறுக்கிக்கொண்டார்.

ஆடி பிறந்தால் புதுமணத் தம்பதியைத் தாய்வீட்டுக்கு அழைத்து விருந்து வைக்க வேண்டும். அதுதான் வழக்கம். ஆடி பிறந்து நாளாகியும் அழைப்பு போகவில்லை. அரசி கேட்டுப் பார்த்தாள், அழுது பார்த்தாள், கடைசியில் பேச்சைக் குறைத்துக்கொண்டாள். அரசரிடம் எடுத்துச் சொல்ல வேறு யாருக்குத் துணிச்சல் வரும்?

அந்த நேரம் பார்த்து வடக்கிலிருந்து வந்து சேர்ந்தார் வண்ணப் பண்டிதர் விசித்திரசாகரர். அரசியின் அறையைச் சுற்றி வந்து சுவரைத் தட்டிப் பார்த்தார்.

"மன்னா, குறை அரசியிடம் இல்லை. இந்தச் சுவரில் இருக்கிறது! வெறும் சுண்ணாம்பு வெள்ளையைப் பார்த்துக்கொண்டே இருந்தால் மனம் வாடத்தான் செய்யும். மஞ்சள் பூசுங்கள். மகிழ்ச்சி தானாகப் பொங்கும்."

பழி சுவர்மேல் விழுந்ததில் அரசருக்குப் பரம திருப்தி. அன்றே மஞ்சள் பூசினார்கள்.

அரசி உள்ளே வந்து பார்த்தாள். "மஞ்சள் அரைத்துவிட்டுக் கழுவாத அம்மி மாதிரி இருக்கிறது" என்றாள்.

"பச்சை பூசுவோம். கோபம் தணியும்" என்றார் பண்டிதர்.

பச்சை வந்தது. "குளத்துப் பாசிக்குள் படுத்திருப்பது போல் இருக்கிறது" என்றாள் அரசி.

அடுத்து நீலம். அரசி சுவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சன்னலோரம் போய் உட்கார்ந்து, கோட்டைக்கு வரும் சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் சபையில் பண்டிதர் இதமான ரோஜா நிறத்தைப் பற்றி விளக்கத் தொடங்கினார். அரசவை விகடர் சாத்தப்பனுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"என்ன சிரிப்பு?" என்று அரசர் சீறினார்.

"ஒன்றுமில்லை, மன்னா. இதுவரை பூசியதில் சுவர் மட்டும்தான் பருத்திருக்கிறது. அரசி இளைத்துக்கொண்டே போகிறார்."

பண்டிதர் துள்ளி எழுந்தார். "பேசுவது சுலபம்! இந்த மனிதர் செய்து காட்டட்டுமே!"

அரசருக்கும் அது சரியென்று பட்டது. "சாத்தப்பா, இனி இது உன் பொறுப்பு. ஆடி அமாவாசைக்குள் அரசி மகிழும் வண்ணம் செய்ய வேண்டும். முடியாவிட்டால் நீ இந்த நாட்டிலேயே இருக்கக் கூடாது!"

சபை அதிர்ந்தது. சாத்தப்பன் கைகட்டி நின்றார். "அரசி மகிழும் வண்ணம் செய்ய வேண்டும். இது தங்கள் ஆணைதானே?"

"என் ஆணைதான்."

"அதற்காக நான் என்ன செய்தாலும் தங்கள் பெயரால் செய்யலாமா?"

"தாராளமாகச் செய். போ!"

சாத்தப்பன் போனார். ஆனால் வண்ணக் கிடங்குக்குப் போகவில்லை. அரண்மனை ரதத்தைப் பூட்டச் சொல்லி ஊரை விட்டே போனார். அமாவாசையன்று காலையில் பண்டிதர் அரசரிடம் ஓடி வந்தார்.

"மன்னா, அந்த ஆள் ஓடிவிட்டார்! அறைச் சுவரில் ஒரு சொட்டு வண்ணம்கூட விழவில்லை. வந்து பாருங்கள்!"

இருவரும் அரசியின் அறையை நோக்கி நடந்தார்கள். வாசலை நெருங்கும்போதே உள்ளேயிருந்து கலகலவென்று சிரிப்புச் சத்தம். அரசர் திகைத்து நின்றுவிட்டார். கோமளவல்லியின் சிரிப்பு! அதைக் கேட்டு எத்தனை நாளாயிற்று!

கதவைத் தள்ளினார். சுவரெல்லாம் அதே பழைய நீலம். நடுவில் அரசி, அவள் மடியில் தலைவைத்தபடி செண்பகநாச்சி. பக்கத்தில் மருமகன் எழுந்து நின்றான். ஓரமாகச் சாத்தப்பன்.

"அப்பா!" என்று மகள் ஓடி வந்து கையைப் பிடித்துக்கொண்டாள். "இந்த ஆடிக்கு எங்களை மறந்தே போய்விட்டீர்களோ என்று பயந்தேன். நல்லவேளை, ரதம் வந்தது."

மருமகன் காலில் விழுந்தான். "அன்றைக்கு நான் அப்படிச் சிரித்திருக்கக் கூடாது, மாமா."

அரசர் அவனைத் தூக்கி நிறுத்தினார். தோளில் தட்டிக் கொடுத்தார். ஆனாலும் அரசராயிற்றே! மீசையை நீவிக்கொண்டு சாத்தப்பன் பக்கம் திரும்பினார்.

"இவர்களை யார் அழைத்தது?"

"தாங்கள்தான், மன்னா."

"நானா? நான் கேட்டது வண்ணம் அல்லவா?"

"'அரசி மகிழும் வண்ணம் செய்ய வேண்டும்' என்றீர்கள். நானும் அரசி மகிழும் வண்ணம் செய்துவிட்டேன். சுவரைப் பற்றித் தாங்கள் ஒரு வார்த்தையும் சொல்லவில்லையே, மன்னா!"

அரசர் சிரித்தார் பாருங்கள், தாழ்வாரத்தில் இருந்த புறாக்கள் எல்லாம் பறந்தன. கழுத்திலிருந்த முத்துமாலையைக் கழற்றிச் சாத்தப்பன் கழுத்தில் போட்டார்.

"சரி, பண்டிதரை என்ன செய்வது? ஊருக்கு அனுப்பிவிடலாமா?"

விசித்திரசாகரரின் முகம் சுண்ணாம்பை விட வெளுத்தது. அரசிக்கே பாவமாகிவிட்டது.

"வேண்டாம், இருக்கட்டும்" என்றாள். "குதிரை லாயத்துக்கு வண்ணம் பூசட்டும். அங்கே யாரும் குறை சொல்ல மாட்டார்கள். பிடிக்காவிட்டால் ஒரே உதைதான்!"