பறிக்காதவர்கள்

"என்னை நம்பாதீங்கன்னு எழுதிட்டேங்கம்மா. அதை மட்டும் யாரும் நம்ப மாட்டேங்கறாங்க."

வந்தவர் வேலிப் படலுக்கு வெளியே நின்றபடியே சொன்னார். வயது ஐம்பதை நெருங்கியிருந்தது. சட்டை கசங்கியிருந்தது. ஒரு கையில் பை, மறு கையில் போன்.

தில்லைநாயகி தண்ணீர்க் குழாயின் உடைந்த இடத்தில் சைக்கிள் டியூபைச் சுற்றிக்கொண்டிருந்தார். அவருக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். புடவைக்கு மேல் ஆண்கள் போடும் சட்டை. சிறுமலையில் அவருக்கு ஓர் ஓட்டு வீடும் கொஞ்சம் எலுமிச்சை மரங்களும் இருந்தன. மனம் சரியில்லாமல் தேடி வருகிறவர்களைத் தங்கவைத்துக்கொள்வார். வேலை கொடுப்பார். அதிகம் பேச மாட்டார். சிலர் அவரைக் குரு என்றார்கள். அவர் அப்படிச் சொல்லிக்கொண்டதில்லை.

"உள்ளே வாங்கண்ணே. இந்த முனையைப் பிடிங்க."

அவர் பிடித்தார். பிடி நழுவித் தண்ணீர் இருவர் மேலும் தெறித்தது.

*

அவர் பெயர் நல்லசிவம். பெருந்துறையில் கம்ப்யூட்டர் சென்டர் நடத்தினார். நாலு வருடத்துக்கு முன் ஒரு கிரிப்டோ நாணயத்தை உருவாக்கி, குறிஞ்சி காயின் என்று பெயர் வைத்தார்.

"எதுக்கு அந்தப் பேரு?"

"குறிஞ்சி பன்னெண்டு வருசத்துக்கு ஒருக்காதானுங்க பூக்கும். விலை ஏறலைன்னு யாராச்சும் கேட்டா, இன்னும் பூக்கலைன்னு சொல்லிக்கலாம்."

தில்லைநாயகி டியூபை இறுக்கி முடிச்சுப் போட்டார்.

"விக்கறதுக்குப் பறிக்கறதுன்னு பேரு வெச்சேன். பூக்கறதுக்கு முன்னாடி பறிக்காதேன்னு தினமும் காலையில வாங்கினவங்க வாட்ஸ்அப் குரூப்புல எழுதுவேன். கொஞ்ச நாள்ல அவங்களாவே வணக்கம் சொல்றதை விட்டுட்டாங்க. ஒருத்தர் 'பூக்கும்'பாரு. அடுத்தவரு 'பூத்தே தீரும்'பாரு. என்னைத் தோட்டக்காரர்னு கூப்பிட்டாங்க. அதை நான் சொல்லிக் குடுக்கலைங்க."

"பிடிச்சிருந்துச்சா?"

நல்லசிவம் தரையைப் பார்த்தார்.

"பிடிச்சிருந்துச்சுங்க."

*

போன மாதம் ஈரோட்டில் ஒரு கல்யாண மண்டபத்தில் கூட்டம் போட்டார்கள். வைத்தியலிங்கம் என்று ஒருவர் மேடையேறினார். போஸ்ட் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஒரு கண்ணில் வெள்ளை படர்ந்திருந்தது, மறு கண்ணில் தொடங்கியிருந்தது.

உடனே ஆபரேஷன் செய்யாவிட்டால் பார்வை போய்விடும் என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். கையிலிருந்ததையெல்லாம் குறிஞ்சியில் போட்டிருந்தார். பறித்தால்தான் ஆபரேஷன்.

"கண்ணு போனாலும் பறிக்க மாட்டேன்னாருங்க. மண்டபமே எழுந்து கை தட்டுச்சு."

"நீங்க?"

"நானுந்தான் தட்டினேன்."

கட்டிய இடத்தில் தண்ணீர் இன்னும் சொட்டியது. தில்லைநாயகி இன்னொரு சுற்றுச் சுற்றினார்.

"வீட்டுக்கு வந்தேன். சோறு எறங்கலைங்கம்மா. உக்காந்து எழுதினேன். இதுல ஒண்ணுமே இல்லை, நானா உண்டாக்கினது, எதுவும் பூக்காது, கெடைக்கறதை எடுத்துக்கிட்டுப் போயிருங்கன்னு எழுதினேன்."

"என்ன சொன்னாங்க?"

"தோட்டக்காரர் களை எடுக்கறாருன்னாங்க. நம்பிக்கை இல்லாதவனை வெளியே தள்ளறதுக்கு நான் வெக்கற சோதனையாம். அன்னைக்குன்னு பாத்து இன்னும் நெறைய பேரு வாங்கினாங்க."

*

அவர் சொன்னதை ஒரே ஒருத்தி நம்பினாள்.

கோபியில் தையல் கடை வைத்திருந்த அமுதவல்லி. 'அவரே சொல்றாரே, அப்புறம் என்ன' என்று குரூப்பில் கேட்டாள். தன்னிடம் இருந்ததை விற்றாள்.

மறுநாள் அவள் கடை ஷட்டரில் 'பறித்தவள்' என்று பெயின்ட்டில் எழுதியிருந்தது. தைக்கக் கொடுத்த துணியை ஒவ்வொருவராக வந்து திருப்பி வாங்கிப் போனார்கள். அவளைக் குரூப்பில் சேர்த்துவிட்டதே அவள் அண்ணன்தான். அவன் அவளோடு பேச்சை நிறுத்திவிட்டான்.

நல்லசிவம் வீடியோவில் பேசிப் போட்டார். முகத்தைக் காட்டி, மகள் மேல் சத்தியம் செய்து சொன்னார். அது போலி வீடியோ என்றார்கள். யாரோ மிரட்டிப் பேசவைக்கிறார்கள் என்றார்கள். அவரைக் காப்பாற்ற வேண்டும் என்று கிளம்பி வந்தார்கள்.

"நாப்பது பேர் இருக்கும். கேட்டுக்கு வெளியே உக்காந்தாங்க. கத்தலைங்க. ஒரு கல்லு எறியலை. சும்மா உக்காந்து என் ஜன்னலையே பாத்துக்கிட்டிருந்தாங்க. நான் எட்டிப் பாத்தா கை கூப்பினாங்க."

"அப்புறம்?"

"பின்பக்கச் சுவரேறிக் குதிச்சு வந்துட்டேன்."

போனைத் தில்லைநாயகியிடம் நீட்டினார். அன்று காலை யாரோ எழுதியிருந்தது.

'தோட்டக்காரர் வாடிவிட்டார். தோட்டம் வாடாது.'

அதன் கீழே இன்னொருவர்: 'வாடியதைக் கிள்ளித்தான் எறிய வேண்டும்.'

அதற்கு நானூறு பேர் பூ போட்டிருந்தார்கள்.

"அவங்க நம்பறதை எப்படிங்கம்மா நிறுத்தறது? அதை மட்டும் சொல்லிக் குடுங்க."

தில்லைநாயகி போனைத் திருப்பிக் கொடுத்தார்.

"சாப்பிட்டுட்டு எலுமிச்சைக்குப் பாத்தி கட்டுங்க. மண்வெட்டி அங்க இருக்கு."

*

இரண்டு நாள் பாத்தி கட்டினார். உள்ளங்கையில் கொப்புளம் வந்தது. பதில் வரவில்லை.

மூன்றாம் நாள் காலை அவர் மாட்டுக் கொட்டகைக்குப் பின்னால் நின்று போனைப் பார்த்துக்கொண்டிருந்தபோது தில்லைநாயகி தீவனக் கூடையோடு வந்தார்.

"என்ன பாக்கறீங்க?"

"என்னைத் தேடி வர்றாங்களான்னு பாக்கறேங்கம்மா."

அவர் நல்லசிவத்தின் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார்.

"அவங்க பேசிக்கறது கீழே இருக்கு. நீங்க மேலே இருக்கற நம்பரை இல்ல பாக்கறீங்க?"

"அது சும்மா விலைங்க. கண்ணு தானா அங்க போகுது."

"ஏறியிருக்கா?"

"காலையிலேர்ந்து கொஞ்சம் ஏறியிருக்குங்க."

சொன்ன வேகத்தில் அவர் குரலில் ஓர் உற்சாகம் இருந்தது. தில்லைநாயகி மாட்டுக்குத் தீவனம் வைத்தார்.

நல்லசிவம் திரையைக் கீழே தள்ளினார். அங்கே ஒரு போட்டோ இருந்தது. திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டு. சிறுமலை பஸ்ஸில் ஒரு கால், தரையில் ஒரு கால். அவரேதான்.

'தோட்டக்காரர் தவத்துக்கு மலை ஏறுகிறார்' என்று எழுதியிருந்தது. அவர் இங்கே வந்த அன்று எடுத்தது.

அவர் கொட்டகைச் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

*

மதியம் வேன் வந்தது.

முதலில் இன்ஜின் சத்தம் கேட்டது. பிறகு கதவு திறக்கும் சத்தம். பிறகு ஒன்றுமே கேட்கவில்லை. மேகம் இறங்கி எலுமிச்சை மரங்களை மூடியிருந்தது. படலுக்கு வெளியே வெள்ளைக்குள் ஆட்கள் நிற்பது நிழலாகத் தெரிந்தது.

முன்னால் நின்றவரின் கறுப்புக் கண்ணாடி மட்டும் தெளிவாகத் தெரிந்தது. வைத்தியலிங்கம்.

நல்லசிவம் அடுப்படிக்குள் ஓடினார். தில்லைநாயகி உலை வைத்திருந்தார். அடுப்பு எரிந்துகொண்டிருந்தது.

"வந்துட்டாங்கம்மா."

"பாத்தேன்."

"என்னைக் கொன்னுருவாங்க. இல்லாட்டி கும்பிடுவாங்க. எதுன்னு தெரியலை. நான் என்னங்கம்மா சொல்லட்டும்?"

"சொல்லிப் பாத்துட்டீங்களே." விறகைத் தள்ளிவிட்டார். "உங்க பங்கு காயின் எங்கேண்ணே இருக்கு?"

இப்போது எதற்கு இந்தக் கேள்வி என்று அவருக்குப் புரியவில்லை.

"எங்கிட்டத்தாங்க. பன்னெண்டு இங்கிலீஷ் வார்த்தை. அதை வரிசையாப் போட்டாத்தான் பூட்டுத் திறக்கும்."

"மனப்பாடமா?"

"இல்லைங்க. யாராச்சும் அடிச்சா வாயில வந்துருமோன்னு மனப்பாடமே பண்ணலை. எழுதி வெச்சிருக்கேன்."

சட்டையைத் தூக்கினார். இடுப்புக் கயிற்றில் ஒரு வெள்ளித் தாயத்து. மூடியைத் திருகி, சுருட்டிய காகிதம் ஒன்றை வெளியே எடுத்தார். பீடி அளவுதான் இருந்தது.

"வேற எங்கேயும் இல்லையே?"

"வேற எங்கேயும் இல்லைங்க. இது போனா கடவுளே வந்தாலும் தெறக்க முடியாது."

"இதுல ஒண்ணுமே இல்லைன்னு எழுதினீங்கல்ல?"

"எழுதினேங்க."

"அப்போ போடுங்க." அடுப்பைக் காட்டினார்.

நல்லசிவம் குனிந்தார். தீக்கு மேலே கையை நீட்டினார்.

உலை கொதித்துப் பொங்கியது. தில்லைநாயகி மூடியை விலக்கினார். அரிசியைப் போட்டார். கிளறினார்.

நல்லசிவத்தின் புறங்கையில் மயிர் கருகும் வாடை வந்தது. விரல்கள் விரியவில்லை.

"என்னண்ணே?"

"ஒருவேளை..."

தன் காதில் விழுந்த அந்தச் சொல்லைக் கேட்டு அவர் வாயைப் பொத்திக்கொண்டார்.

தில்லைநாயகி அடுப்படியின் வெளிக்கதவைத் திறந்து வைத்தார்.

*

நல்லசிவம் வெளியே வந்தபோது பலர் கை கூப்பினார்கள். சிலர் கைகளைக் கூப்பவில்லை, பின்னால் கட்டியிருந்தார்கள். நீலச் சட்டை போட்ட ஒருவர் போனை உயர்த்தி வீடியோ எடுத்தார்.

"பூக்கும்," என்றார் நீலச் சட்டை. 'பூத்தே தீரும்' என்ற பதிலுக்காக எல்லோரும் காத்திருந்தார்கள்.

நல்லசிவம் காகிதத்தைத் தூக்கிக் காட்டினார்.

"என்னோட சாவி இது. நெருப்புல போடச் சொன்னாங்க. என்னால முடியலை."

கூட்டத்தில் ஒரு சலசலப்பு. நீலச் சட்டைக்காரர் முகம் மலர்ந்தது.

"பாத்தீங்களா, தோட்டக்காரரே பறிக்கலை," என்றார் மற்றவர்களிடம். "இதுவும் ஒரு சோதனைதான்."

"சோதனை இல்லைங்க," என்றார் நல்லசிவம். அவர் குரல் யாருக்கும் எட்டவில்லை. நீலச் சட்டைக்காரர் அடுத்த சொல்லை எடுக்க வாயைத் திறந்தார்.

"கொஞ்சம் இருப்பா."

வைத்தியலிங்கம் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினார். இப்போது இரண்டு கண்ணிலும் வெள்ளை இருந்தது. படலைத் தடவிப் பிடித்துக்கொண்டு, குரல் வந்த பக்கமாக முகத்தைத் திருப்பினார்.

"ஏன் சார் முடியலை?"

நாலு வருடத்தில் நல்லசிவத்தை யாரும் சார் என்று கூப்பிட்டதில்லை.

"பயமா இருக்குங்க," என்றார் நல்லசிவம். "அதுல ஒண்ணுமில்லைன்னு எனக்குத் தெரியும். நாந்தான் செஞ்சேன். ஆனா போட்டுட்டா, இத்தனை நாளும் ஒண்ணுமில்லைன்னு ஆயிருமே."

நீலச் சட்டைக்காரரின் போன் மெல்லக் கீழே இறங்கியது.

வைத்தியலிங்கம் கண்ணாடியை மடித்துச் சட்டைப் பையில் போட்டார்.

"எனக்கும் அதேதான் சார்," என்றார்.