பாட்டில்லாத ஹெட்போன்

மங்கையர்க்கரசி அம்மாவின் மடம் என்று ஆரணியில் சொல்வார்கள். மடம் என்றதும் பெரிதாகக் கற்பனை செய்துகொள்ள வேண்டாம். கடைத்தெருவில் ஒரு மாவு மில், அதற்கு மேலே வாடகைக்கு எடுத்த ஒரே ஒரு ஹால், அவ்வளவுதான். குரு என்றால் தாடி, மரத்தடி, மான்தோல் என்று எதிர்பார்த்து வருகிறவர்களில் பாதிப் பேர் மாடிப்படியிலேயே திரும்பிவிடுவார்கள். மேலே இருப்பவருக்கு நாற்பது வயதுகூட ஆகவில்லை. மூக்குக் கண்ணாடி, பருத்திப் புடவை, சரியாகத் தூங்காத கண்கள்.

அங்கே தியானத்துக்கு மணி அடிக்கும் வழக்கம் கிடையாது. சாயங்காலம் கீழே மில் ஓட ஆரம்பித்தால் உட்கார வேண்டும், நின்றால் எழுந்துகொள்ளலாம். பண்டிகை நெருங்கும் நாட்களில் மில்லில் கூட்டம் அதிகமாகி, மேலே எல்லோருக்கும் கால் மரத்துப்போகும்.

"கொஞ்சம் அமைதியான இடமாப் பார்க்கலாமேம்மா?" என்று புதிதாக வருகிறவர்கள் கேட்பார்கள்.

"இங்க வாடகை கம்மி" என்பார் அம்மா. அதற்குள் தத்துவம் தேடிப் போனவர்கள் வெறுங்கையோடுதான் திரும்பினார்கள்.

தணிகாசலம் அவருடைய சீடர்களில் ஒருவர். வயதில் குருவைவிட மூத்தவர், பஸ் டிப்போவில் மெக்கானிக். வேலை முடிந்ததும் நேரே வந்து ஜன்னலோரமாகப் பாயை விரிப்பார். அவருக்கு இரண்டு பக்கமும் எப்போதும் இடம் காலியாகவே இருக்கும். மற்றவர்கள் தங்கள் பாயைச் சற்றுத் தள்ளிப் போட்டுக்கொள்வார்கள். டீசல் நாற்றம் போலிருக்கிறது என்று ஒரு நாள் குளித்து, சட்டை மாற்றிக்கொண்டு வந்து பார்த்தார். அப்போதும் யாரும் பக்கத்தில் வரவில்லை. சரி, போகட்டும் என்று விட்டுவிட்டார். அவருக்கு இருந்த அலுப்பில் அதற்குமேல் யோசிக்கத் தெம்பில்லை.

ஒரு நாள் மில் நின்று, எல்லோரும் பாயைச் சுருட்டிக்கொண்டு போனபிறகும் அவர் மட்டும் நின்றுகொண்டிருந்தார். கையில் ஒரு துணிப்பை.

"அம்மா, ஒண்ணு கேக்கணும்."

"கேளுங்க ஐயா."

"ஹெட்போன் வாங்கணும்மா. வீட்டுல உக்காந்து நாதஸ்வரம் கேக்க. தரமா இருக்கணும், காது வலிக்கக் கூடாது, விலையும் கையைக் கடிக்கக் கூடாது. செல்போன் கடை ஃபைசல் பாய்கிட்ட கேட்டேன். மூணு குடுத்து, வீட்டுல போட்டுப் பாருங்க, பிடிச்சதை வெச்சுக்கிட்டு மத்ததைக் கொண்டாங்கன்னார். எனக்கு எல்லாம் ஒண்ணு மாதிரிதான் தெரியுது. நீங்க சொல்லுங்க, எது நல்லது?"

பிறவி, மோட்சம் என்று கேட்கிறவர்களுக்குப் பதில் சொல்லியே களைத்துப்போனவரிடம் ஹெட்போனைப் பற்றிக் கேட்பது தணிகாசலத்துக்கு வெட்கமாகத்தான் இருந்தது. அம்மா சிரிக்கவில்லை. சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார்.

"இப்ப என்ன திடீர்னு நாதஸ்வரம்?"

தணிகாசலம் பையின் வாயைச் சுருட்டினார், பிரித்தார், மறுபடி சுருட்டினார்.

"பையனாலதாம்மா."

மகன் பரணிக்கு இருபத்திரண்டு வயது. ஆட்டிசம். பேச்சு வரவில்லை. வருவதெல்லாம் ஒரே ஒரு சத்தம்தான். வாயை மூடிக்கொண்டு அடித்தொண்டையிலிருந்து "ம்ம்ம்ம்" என்று முனகுவான். சாயங்காலம் தொடங்கினால் தூங்கப் போகும்வரை நிற்காது. சின்ன வயதில் அது பூனைக்குட்டியின் சத்தம் மாதிரி இருந்தது. இப்போது வளர்ந்த ஆணின் குரல், அடுத்த தெருவரைக்கும் கேட்கிறது.

"டிப்போவுல நாள் பூரா இன்ஜின் சத்தம். வீட்டுக்கு வந்தா இவன். போன வாரம் கையை ஓங்கிட்டேம்மா. என் வீட்டுக்காரி கோமளா குறுக்க வந்து நின்னா. அடி அவ தோள்ல விழுந்துது."

அம்மா மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

"இப்ப நான் உள்ள நுழைஞ்சாலே அவன் மூலைக்குப் போயிடறான். எனக்கே என்னைப் பாத்தா பயமா இருக்கு. மச்சான் வேலூர்ல ஒரு ஹோம் பாத்து வெச்சிருக்கார். கொண்டுபோய் விட்டுடுங்க, ரெண்டு பேரும் நிம்மதியா இருங்கன்றார். வியாழக்கிழமை போன் பண்ணுவார், முடிவு சொல்லணும். கோமளா சரின்னும் சொல்ல மாட்டேன்றா, வேணாம்னும் சொல்ல மாட்டேன்றா. ஹெட்போன் மாட்டிக்கிட்டா சமாளிச்சுடலாமோன்னு பாக்கறேன். அதுவும் சரிப்படலேன்னா, ஹோம்தான்."

அம்மா கையை நீட்டிப் பையை வாங்கினார். மூன்று பெட்டிகளையும் பாயின்மேல் வைத்துத் திறந்தார். தணிகாசலம் அவசரமாகத் தன் போனை எடுத்து ஒரு பாட்டைத் தேட ஆரம்பித்தார்.

"பாட்டு வேணாம்."

"பாட்டு போட்டாத்தானேம்மா தெரியும்?"

அம்மா முதல் ஹெட்போனை மாட்டிக்கொண்டு கண்ணை மூடினார். கொஞ்ச நேரத்தில் கழற்றி நெற்றிப்பொட்டைத் தேய்த்துவிட்டுக்கொண்டார். "இறுக்கிப் பிடிக்குது" என்றார். அடுத்தது கறுப்பு ரெக்சின் உறை போட்டது, மூன்றிலும் மினுமினுப்பானது. அதை இன்னும் கொஞ்ச நேரம் வைத்திருந்து எடுத்தார். காதை முந்தானையால் துடைத்தார். "வேர்க்குது." மூன்றாவது பார்வைக்குச் சுமார்தான். வயர் வைத்தது. காது முழுவதும் உள்ளே அடங்கும்படி துணி மெத்தை. அதைப் போட்டுக்கொண்டு அம்மா எழுந்தார். தண்ணீர் குடித்தார். பாய்களை அடுக்கினார். ஜன்னலைச் சாத்தப் போனபோது வயர் பின்னாலேயே தரையில் இழுபட்டுக்கொண்டு போயிற்று.

"அம்மா, தலையில" என்று தணிகாசலம்தான் சைகை காட்ட வேண்டியிருந்தது.

"ஆமா" என்று கழற்றினார்.

"அப்ப இதையே வாங்கிடட்டுமா?"

"என் தலை வேற, உங்க தலை வேற. வீட்டுக்கு எடுத்துட்டுப் போங்க. ஒரு சாயங்காலத்துக்கு ஒண்ணுன்னு மாட்டிக்கிட்டு உக்காருங்க. பாட்டு போடாதீங்க. எது எங்க வலிக்குதுன்னு பாத்துட்டு வாங்க."

"பாட்டே இல்லாமயா?"

"பாட்டு போட்டா வலி தெரியாது."

முதல் சாயங்காலம் முதல் ஹெட்போன். கூடத்து நாற்காலியில் உட்கார்ந்தார். பரணி மூலையில் கால்களை மடக்கிக்கொண்டு முனகிக்கொண்டிருந்தான். கோமளா சமையலறை வாசலில் வந்து நின்று கணவனைப் பார்த்தாள்.

"என்ன கேக்கறீங்க?"

"ஒண்ணும் கேக்கல."

"அதுக்கு எதுக்கு இது?"

"அம்மா சொன்னாங்க."

கோமளா தலையில் அடித்துக்கொண்டு உள்ளே போனாள். கொஞ்ச நேரத்தில் அவருக்கு நெற்றிப்பொட்டு வலியில் தெறித்தது. கழற்றி வைத்துவிட்டார்.

மறுநாள் இரண்டாவது. அதில் ஒரு சுவிட்ச் உண்டு, போட்டால் வெளியே இருக்கிற இரைச்சலைக் குறைக்கும் என்று ஃபைசல் பாய் சொல்லியிருந்தார். போட்டார். மின்விசிறியின் சத்தம் போயிற்று. பக்கத்து வீட்டு மோட்டாரின் உறுமல் போயிற்று. ரோட்டு லாரிகள் எங்கோ தூரத்துக்குப் போய்விட்டன. பரணியின் குரல் மட்டும் முன்னைவிடத் தெளிவாகக் கேட்டது. எதை அடைக்க இவ்வளவு பாடோ அது மட்டும் பாக்கி! அவருக்கு அழுகையே வந்துவிட்டது. காதெல்லாம் வியர்வை. பிடுங்கிக் கீழே வைத்தார்.

வைத்த அந்த நொடியில் வீடே அவர்மேல் சரிந்து விழுந்தது. மின்விசிறி, மோட்டார், லாரி, எதிர்வீட்டு டிவி, குக்கர் விசில் எல்லாம் ஒரே சமயத்தில். இதெல்லாம் தினமும் இருக்கிறதா என்று நினைத்தார். உள்ளே கோமளா மிக்ஸியைப் போட்டாள். மூலையில் பரணியின் முனகல் உயர்ந்தது. மிக்ஸி நின்றது. முனகல் தாழ்ந்தது. தணிகாசலம் அதைக் கேட்டார். ஆனாலும் அந்த நேரத்தில் அவருக்கிருந்த எரிச்சலில், இந்த ஹெட்போனும் உருப்படாது என்பது மட்டும்தான் மனதில் நின்றது.

மூன்றாம் நாள் துணி மெத்தை வைத்தது. தலையில் இருப்பதே தெரியவில்லை. வயர் நுனியை மடியில் போட்டுக்கொண்டு கண்ணை மூடினார். களைப்பில் அப்படியே தூங்கிப்போனார் என்றுதான் சொல்ல வேண்டும்.

யாரோ தலையைத் தொட்டதில் விழித்தார். பரணி எதிரே நின்றுகொண்டிருந்தான். ஒரு வாரமாக அவர் பக்கமே வராத பிள்ளை. ஹெட்போனை இரண்டு கையாலும் பிடித்து மெதுவாக உருவி எடுத்தான். தன் தலையில் மாட்டிக்கொண்டான். பழையபடி மூலைக்குப் போய் உட்கார்ந்தான்.

முனகல் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. பிறகு நின்றுவிட்டது.

உள்ளே மிக்ஸி ஓடிக்கொண்டிருந்தது. அதை அணைத்த கோமளா, கையில் தேங்காய் விழுதோடு அப்படியே கூடத்துக்கு ஓடி வந்தாள்.

"என்னாச்சு? ஏன் சத்தமே காணோம்? என்ன பண்ணீங்க அவனை?"

"நான் ஒண்ணும் பண்ணலடி!"

பரணி சுவரில் சாய்ந்து, வயரைச் சுண்டுவிரலில் சுற்றிக்கொண்டிருந்தான். கோமளா வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். கை கழுவக்கூட எழுந்திருக்கவில்லை.

வியாழக்கிழமை தணிகாசலம் சீக்கிரமாகவே மாடியேறினார். மில் இன்னும் ஓட ஆரம்பிக்கவில்லை. மற்றவர்கள் வரவில்லை. அம்மா தரையைப் பெருக்கிக்கொண்டிருந்தார்.

"பாத்தீங்களா? எது எங்க வலிச்சுது?"

"முதல்ல இருந்தது பொட்டுல வலிச்சுதும்மா. ரெண்டாவதுல ஒரே வேர்வை. மூணாவது அருமையா இருந்துது. ஆனா அதைப் பையன் பிடுங்கிட்டான். தூங்கறப்பதான் கழட்டறான், எழுந்ததும் தேடி எடுத்து மாட்டிக்கறான். இனிமே அதைக் கடையில திருப்பியும் தர முடியாது, நானும் போட்டுக்க முடியாது. மிச்சம் இருக்கற ரெண்டுல எனக்கு எதும்மா சரியா வரும்?"

அம்மா துடைப்பத்தைச் சுவரோரம் சாய்த்து வைத்தார்.

"அவன் என்ன பாட்டு கேக்கறான்?"

"பாட்டெல்லாம் இல்லம்மா. வயரையே எதுலயும் சொருகல."

"சத்தம் போடறானா?"

"இல்ல. மிக்ஸி ஓடுறப்பகூட இல்ல. அதான் அதிசயமா இருக்கு."

"இத்தனை வருஷம் எதுக்கு முனகினான்?"

"அந்த வியாதிக்காரங்க அப்படித்தான் இருப்பாங்கன்னாங்க. காரணமெல்லாம் ஒண்ணும் இல்லேன்னாங்க. நாங்களும் விட்டுட்டோம்."

கீழே பெல்ட் சுழலும் சத்தம் கேட்டது. தரை லேசாக அதிர்ந்தது. பிறகு மில் முழு வேகத்தில் இரைய ஆரம்பித்தது.

"உக்காருங்க" என்றார் அம்மா.

தணிகாசலம் ஜன்னலோரம் பாயை விரித்துக் கண்ணை மூடினார். இன்று அம்மா வழக்கமான இடத்தில் உட்காரவில்லை. தன் பாயைக் கொண்டுவந்து அவருக்குப் பக்கத்தில் போட்டார். யாரும் போடாத இடம் அது.

நேரம் போயிற்று. மில் ஓடிக்கொண்டிருந்தது.

"ஐயா" என்று அம்மா அவர் காதருகே சொன்னார். "கண்ணைத் திறக்க வேணாம். கையை எடுத்துத் தொண்டையில வைங்க."

வைத்தார். தொண்டை அதிர்ந்துகொண்டிருந்தது.

கையை எடுத்தார். மறுபடி வைத்தார். உதடுகள் மூடித்தான் இருந்தன. உள்ளே அடித்தொண்டையிலிருந்து ஒரு சத்தம் விடாமல் வந்துகொண்டிருந்தது. அது தன்னுடையது என்று தெரிந்ததும் நின்றுபோயிற்று.

"நானா?"

"நீங்க வந்த நாள்லேர்ந்து. மில் ஓடுற வரைக்கும்."

"யாரும் சொல்லலியே."

"பாயைத் தள்ளிப் போட்டுக்கிட்டாங்க. இந்த இரைச்சலை உங்களால தாங்க முடியல, அதுக்குத்தான் முனகறீங்கன்னு இங்க எல்லாருக்கும் தெரியும்."

தணிகாசலம் தாடையை இறுக்கிக்கொண்டார். மூலையில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த பிள்ளையும், கோமளாவின் தோளில் விழுந்த அடியும் கண்முன் வந்து நின்றன. சட்டைப்பையில் போன் அதிர்ந்தது. மச்சானாகத்தான் இருக்கும். அவர் எடுக்கவில்லை. அது அதிர்ந்து அதிர்ந்து ஓய்ந்தது.

"நிறுத்திடறேம்மா" என்றார். "இனிமே முனக மாட்டேன். நிறுத்திடறேன்."

அம்மா எழுந்து மாடிப்படிப் பக்கம் போனார். வாசலில் நின்று கீழே ஒருமுறை பார்த்துவிட்டுத் திரும்பினார்.

"நீங்க நிறுத்த வேணாம் ஐயா. மில் நிக்கட்டும்."