மஞ்சள் ஒட்டிய இரண்டாம் தாள்

இந்தப் புதிரை அவசரப்பட்டு விடுவிக்காதீர்கள். நான் சொல்லிக் கேட்டவர்களில் உடனே பதில் சொன்னவர்கள் எல்லாம் கல்யாணம் ஆகாதவர்கள்.

சங்கரன்கோவிலில் ஆவுடைச்செல்வி என்று ஒருத்தி, அப்பா விட்டுப்போன மாவு மில்லைத் தனி ஆளாக நடத்தி வந்தாள். அவளுக்கும் வாசுதேவநல்லூர் குற்றாலலிங்கத்துக்கும் கல்யாணம் பேசி முடித்தார்கள். அவன் பேரில் ஓர் ஓட்டு வீடு இருந்தது. அவன் தாய் உலகம்மாளுக்கு அதைவிட்டால் வேறு போக்கிடம் கிடையாது.

கல்யாணத்துக்கு முன்பே ஓர் ஒப்பந்தம் எழுதிக்கொள்ள வேண்டும் என்றாள் செல்வி. மில் அவளுக்கு, வீடு அவனுக்கு, சேர்ந்து சம்பாதிப்பது இருவருக்கும். ஒத்துவராமல் பிரிந்தாலும் அப்படியே. இது கோர்ட்டில் செல்லுமா என்பதை நீங்கள் வக்கீலிடம் கேட்டுக்கொள்ளுங்கள், எனக்குத் தெரியாது. டைப் அடிக்கக் கொடுத்தாள். இரண்டு தாளில் வந்தது. மில்லில் அன்று நல்ல கூட்டம். மேலோட்டமாகப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டாள்.

அவளுடைய தாய்மாமன் சங்கரலிங்கம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். மாலை மாற்றுமுன்னே பிரிவைப் பற்றிய பேச்சா என்று அவருக்குக் கோபம். தடுக்க முடியாமல் போகவே, அபசகுனம் தீரட்டும் என்று கல்யாணப் பத்திரிகைக்குத் தடவுவது போல இரண்டு தாளிலும் நாலு மூலைக்கும் மஞ்சளைக் குழைத்துத் தடவி, ஈரம் காயுமுன் அடுக்கி உறையில் போட்டு மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்பினார். காய்ந்ததும் தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன.

குற்றாலலிங்கம் மேல்தாளின் அடியில் கையெழுத்துப் போட்டான். செல்வி எழுதினால் சரியாகத்தான் இருக்கும் என்று சொல்லிவிட்டான். அவள் மேல் அவ்வளவு பிரியம் அவனுக்கு.

உலகம்மாள் யாரையும் கேட்காமல் அந்த உறையை எடுத்தாள். தாள் தடிமனாக இருக்கவே, தோசைக் கரண்டியின் விளிம்பை நுழைத்துப் பிரித்தாள். பிரிந்தால் வீட்டை விற்றுப் பாதி பெண்ணுக்கு என்று இரண்டாம் தாளில் இருந்தது. நிச்சயதார்த்தத்துக்கு இரண்டு நாள் முன்னால், மகனிடம் மூச்சுவிடாமல், பஸ் ஏறி மில்லுக்கே வந்துவிட்டாள்.

"ஏ தாயி, இது நீ சொல்லி எழுதினதா?"

செல்வி அவள் நீட்டிய தாளை ஒருமுறைக்கு இருமுறை வாசித்தாள். "இல்ல அத்தே. நான் இப்படிச் சொல்லவே இல்ல."

விசாரித்தால், டைப் அடித்தவர் இரண்டாம் தாளுக்கு, வேறு யாருக்கோ அடித்த ஒப்பந்தத்தில் பெயர்களை மட்டும் மாற்றிப் போட்டிருக்கிறார். உலகம்மாள் அங்கே கிடந்த அரிசி மூட்டை மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். போன உயிர் திரும்பி வந்தது.

நம்பிக்கை வைத்துப் படிக்காமலே கையெழுத்துப் போட்டான் மகன். பிரிவு என்ற சொல்லே ஆகாது என்று மஞ்சள் தடவினார் மாமன். தனக்கு வராத உறையைத் திறந்து படித்தாள் தாய். இதில் யார் செய்தது சரி?

விடை: உலகம்மாள் செய்ததுதான். உறையைக் கேளாமல் எடுத்தது தப்பு. ஆனால் படித்ததை ஊரெல்லாம் சொல்லாமல், எழுதியவளிடமே நேரே போய்க் கேட்டாளே, அந்த ஒரு கேள்விதான் கல்யாணத்தைக் காப்பாற்றியது. மகன் நம்பியது செல்வியை. கையெழுத்துப் போட்டதோ முன்பின் தெரியாத யாருடைய ஒப்பந்தத்துக்கோ. செல்வியும் அதே தப்பைத்தான் செய்திருந்தாள். நிச்சயதார்த்தத்தன்று புதுத் தாளைக் குற்றாலலிங்கமே எல்லோர் முன்னிலும் உரக்க வாசித்தான். சேர்ந்திருந்தாலும் பிரிந்தாலும் உலகம்மாள் உள்ளவரை அந்த வீட்டை விற்கக் கூடாது என்று செல்வி தானாக ஒரு வரி சேர்த்திருந்தாள். அந்த வரிக்கு வந்ததும் அவன் தாளைச் செல்வியிடம் நீட்டிவிட்டான். மீதியைச் செல்விதான் வாசித்தாள்.