வெளியே எடுத்துச் செல்லக் கூடாத புத்தகம்

சண்முகக்கனி குழந்தைகள் வார்டில் பல வருஷம் ஸ்டாஃப் நர்ஸாக இருந்துவிட்டு, காதோரம் நரைத்த பிறகு எம்.எஸ்ஸி. நர்சிங் படிக்க வந்தவள். அவளுக்கு வழிகாட்டியாக வாய்த்த நித்யகலா வயதில் சின்னவள். மாணவி ஆசிரியையை "மேடம்" என்பாள். ஆசிரியை மாணவியை "சிஸ்டர்" என்பாள். கல்லூரியில் இதைப் பார்த்துச் சிரித்தவர்கள் உண்டு. இவர்கள் இருவரும் அதைச் சட்டை செய்யவில்லை.

முதல் நாளே சண்முகக்கனி கேட்டுவிட்டாள்.

"மேடம், பிள்ளைகளுக்கு ஊசி குத்தும்போது அம்மாவை வெளிய அனுப்பிட்டுக் கதவைச் சாத்துறோம்லா? அது சரியா, தப்பா?"

"லைப்ரரிக்குப் போங்க சிஸ்டர்."

"ஏன், உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும். போங்க."

கேட்ட கேள்விக்கு ஒரு வார்த்தை பதில் சொன்னால் வாய் தேய்ந்தா போகும் என்று முணுமுணுத்துக்கொண்டே சண்முகக்கனி படியேறினாள்.

அது சும்மா கேட்ட கேள்வி இல்லை. வார்டுக்கு மாதாமாதம் ரத்தம் ஏற்றிக்கொள்ள பவானி என்று ஒரு நாலு வயதுக் குழந்தை வரும். நரம்பு தேடிக் குத்தி முடிக்கிறவரை அதன் அம்மா மகாராசி கதவுக்கு வெளியேதான் நிற்க வேண்டும். அந்த வார்டில் அதுதான் வழக்கம். உள்ளே இரண்டு பேர் கையையும் காலையும் அமுக்கிப் பிடிக்க, பிள்ளை "எம்மா, எம்மா" என்று தொண்டை கிழியக் கத்தும். ஒரு மாதம் அது கத்தவில்லை. சாத்திய கதவைப் பார்த்தபடி பேசாமல் கிடந்தது. கத்தலைத் தாங்கிப் பழகிய சண்முகக்கனிக்கு அந்த மௌனத்தைத் தாங்க முடியவில்லை. இந்த வழக்கத்தை ஒழித்துக்கட்ட வேண்டும், அதையே ஆராய்ச்சித் தலைப்பாக எடுக்க வேண்டும் என்ற வீம்போடுதான் அவள் படிக்கவே வந்திருந்தாள்.

பையை வாசலில் வைத்துவிட்டு நூலகத்துக்குள் போனால், ஒரு சுவர் முழுக்க முன்னாள் மாணவிகளின் ஆய்வேடுகள். மெரூன் அட்டை, தங்க எழுத்து. வயிற்றுப்போக்கு பற்றித் தாய்மார்களின் அறிவு. தடுப்பூசி பற்றித் தாய்மார்களின் அறிவு. ரத்தசோகை பற்றித் தாய்மார்களின் அறிவு. வருஷம் மாறும், ஊர் மாறும், நோய் மாறும். அறிவு போதாதவள் மட்டும் எப்போதும் தாய்தான். பிரித்துப் பார்த்தால் முடிவும் ஒன்றுதான்: நாங்கள் வகுப்பு எடுக்கும் முன் அறிவு குறைவு, எடுத்த பிறகு அறிவு கூடியது. சீனியர் எழுதியதை ஜூனியர் பார்த்து எழுத, அதை அடுத்த ஜூனியர் பார்த்து எழுத, சுவர் நிறைந்துவிட்டது.

"நம்ம அறிவை எவளாவது அளந்து பார்த்திருக்காளா?" என்று சண்முகக்கனி அலமாரியிடமே சத்தமாகக் கேட்டாள்.

"சைலன்ஸ்" என்றார் நூலகர் அந்தோணிராஜ்.

குழந்தை நலச் செவிலியப் புத்தகம் ஒன்று அங்கே இருந்தது. கையில் எடுத்தால் செங்கல் கனம். முதுகில் 'ரெஃபரன்ஸ்' என்று சீட்டு ஒட்டியிருந்தது. அங்கேயே உட்கார்ந்துதான் படிக்க வேண்டும், வெளியே கொடுக்க மாட்டார்கள். அதில் அவள் தேடியது கிடைத்தது. வலியுள்ள எந்தச் சிகிச்சையின்போதும் தாயை உடன் இருக்கவிடு, முடிந்தால் குழந்தையை அவள் மடியிலேயே வைத்துக்கொள் என்று பளிச்சென்று போட்டிருந்தது.

அவள் துள்ளி எழுந்திருப்பாள். ஆனால் அந்த வரிகளுக்குக் கீழே இருந்த கோடுகள் அவளை உட்கார வைத்துவிட்டன. பென்சில் கோடு, அதன் மேல் பேனாக் கோடு, அதன் மேல் பச்சை மை. ஓரத்தில் யாரோ ஒருத்தி 'முக்கியம், ஐந்து மார்க்' என்று எழுதியிருந்தாள். இந்த ஐந்து மார்க்கைச் சண்முகக்கனியும் ஒரு காலத்தில் எழுதி வாங்கியவள்தான். பரீட்சை முடிந்த மறுநாள் டியூட்டிக்குப் போய்க் கதவைச் சாத்தியவளும்தான்.

"கிடைச்சுது மேடம்" என்று வந்து நின்றாள்.

"நல்லது. இப்ப இன்னொண்ணு தேடுங்க. அம்மாவை வெளிய அனுப்பணும்னு சொல்ற புத்தகம்."

"அதை எதுக்கு நான் தேடணும்? நான் அதை எதிர்க்க வந்தவ."

"அதனாலதான்."

மறுபடியும் படியேறினாள். புத்தகங்கள், கட்டுக்கட்டாகத் தைத்து வைத்த பத்திரிகைகள், மூலையில் இருந்த கம்ப்யூட்டர் என்று எதையும் விடவில்லை. கண் எரிச்சலோடு திரும்பி வந்தாள்.

"இல்லை மேடம். அம்மா பக்கத்துல இருந்தும் அழுகை குறையலைன்னு ஒண்ணு ரெண்டு பேர் எழுதியிருக்காங்க. ஆனா வெளிய அனுப்புன்னு ஒருத்தர்கூடச் சொல்லலை. அப்ப இந்த ரூல் எங்க இருந்து வந்துச்சு?"

"தேடினது நீங்க. என்னைக் கேட்டா?"

நித்யகலாவின் முகத்தில் சிரிப்பு இருந்ததா என்று சண்முகக்கனிக்குக் கடைசிவரை தெரியவில்லை.

ஆராய்ச்சிக் குழு கூடியது. தலைவி துணை முதல்வர் தங்கபுஷ்பம். ஓய்வு பெறப் போகிறவர், கண்டிப்பானவர், நித்யகலாவுக்கே பாடம் எடுத்தவர். தலைப்பைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

"அம்மாக்களை உள்ள விட்டா மயங்கி விழுவாங்க. ஒரு குத்துல நரம்பு கிடைக்கலைன்னா நர்ஸை ஏசுவாங்க. இதெல்லாம் நடக்குற காரியமா சண்முகக்கனி?"

"பாடப்புத்தகத்துலயே இருக்கு மேடம். நீங்க நடத்தின பாடம்தான்."

"இருக்கும். புத்தகம் வேற, வார்டு வேற. ஊசி பயம் பற்றித் தாய்மார்களின் அறிவுன்னு தலைப்பை மாத்திக்கோங்க. திங்கட்கிழமை கொண்டு வாங்க. இல்லாட்டி அடுத்த பேட்ச்ல பார்த்துக்கலாம்."

அடுத்த பேட்ச் என்றால் ஒரு வருஷம் போச்சு. சம்பளத்தோடு படிக்க ஆஸ்பத்திரி கொடுத்த அனுமதி அதுவரை தாங்காது. படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு, அதே வார்டுக்கு, அதே கதவைச் சாத்தத் திரும்பிப் போக வேண்டியதுதான்.

சண்முகக்கனி நேரே நித்யகலாவின் அறைக்கு வந்தாள். உட்காரவில்லை.

"தாய்மார்களின் அறிவுன்னு நான் எழுத மாட்டேன் மேடம். படிப்பு போனா மயிரே போச்சு."

"யோசிச்சுத்தான் சொல்றீங்களா?"

"யோசிச்சு யோசிச்சுத்தான் இத்தனை வருஷம் கதவைச் சாத்துனேன்."

நித்யகலா பேனாவை மூடி வைத்தாள்.

"புத்தகம் வேற, வார்டு வேறன்னா என்னை எதுக்கு லைப்ரரிக்கு அனுப்புனீங்க?" சண்முகக்கனியின் குரல் உடைந்தது. "இன்னிக்குப் பவானிக்கு ரத்தம் ஏத்துற நாள். மகாராசி இப்ப கதவைப் பார்த்துட்டு நிப்பா. அவளுக்கு அந்தப் புத்தகம் என்ன செய்யும்? அதை மட்டும் சொல்லுங்க."

நித்யகலா எழுந்தாள். செருப்பை மாட்டிக்கொண்டு நூலகத்துக்குப் போனாள். அந்தச் செங்கல் புத்தகத்தை உருவி எடுத்தாள். வாசலை நோக்கி நடந்தாள்.

"மேடம், மேடம்! ரெஃபரன்ஸ் புத்தகம் வெளிய போகக் கூடாது" என்று அந்தோணிராஜ் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார்.

"தெரியும் சார். அதான் இத்தனை நாளா உள்ளேயே கிடக்கு."

பிள்ளையைத் தூக்கிப் போவதுபோல் புத்தகத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு அவள் சாலையைக் கடந்து ஆஸ்பத்திரிக்குள் போனாள். பின்னால் சண்முகக்கனி கிட்டத்தட்ட ஓடினாள்.

வார்டில் மகாராசி கதவுக்கு வெளியே சுவரோடு சுவராக நின்றுகொண்டிருந்தாள். உள்ளே பிள்ளையின் சத்தம் ஆரம்பித்திருந்தது. நித்யகலா கதவைத் தள்ளித் திறந்தாள். ஸ்பிரிங் வைத்த கதவு, கையை எடுத்ததும் தானாக மூட வந்தது. அவள் குனிந்து புத்தகத்தைத் தரையில் வைத்தாள். கதவின் அடியில் இறுக்கி நெருக்கினாள். கதவு நின்றது.

"ஐயோ மேடம்! புத்தகம்!"

சண்முகக்கனி கத்திவிட்டாள். தெரியாமல் கால் பட்டால்கூடத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு வளர்ந்தவள். நித்யகலா நிமிர்ந்தாள். திறந்த வாசலுக்கு அந்தப் பக்கம் கிடந்த குழந்தையைப் பார்த்தாள், பிறகு தன் மாணவியைப் பார்த்தாள்.

சண்முகக்கனி மகாராசி பக்கம் திரும்பினாள்.

"உள்ள வா. பிள்ளையைத் தூக்கி மடியில வை."

"நான் உள்ள வரலாமாக்கா?"

"வா."

மகாராசிக்குப் புத்தகத்தைத் தாண்டக் கால் வரவில்லை. குனிந்து தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, அதன் பிறகு தாண்டினாள்.

"இன்சார்ஜ் சிஸ்டர் கேட்டா யாரு பதில் சொல்றது?" என்றாள் ஊசியோடு நின்ற நர்ஸ்.

"நான் சொல்றேன். நீ குத்து."

பவானி அழுதது. அழாமல் எப்படி இருக்கும், ஊசி ஊசிதானே. ஆனால் கதவைப் பார்த்து அழவில்லை. அம்மாவின் கழுத்தில் முகத்தைப் புதைத்து, அவள் சேலையைக் கசக்கிக்கொண்டு அழுதது. யாரும் காலை அமுக்கவில்லை. மகாராசி மயங்கி விழவும் இல்லை, யாரையும் ஏசவும் இல்லை. கண்ணை இறுக மூடிக்கொண்டு "முடிஞ்சுது தாயி, முடிஞ்சுது" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். முடிந்தது. சண்முகக்கனி முகத்தைத் திருப்பிக்கொண்டு மூக்கை உறிஞ்சினாள். அவளுக்கு வெட்கமாகவும் இருந்தது, யாரையாவது ஓங்கி அறைய வேண்டும் போலவும் இருந்தது.

அடுத்த பிள்ளையைத் தூக்கிக்கொண்டு இன்னொரு தாய் வாசலுக்கு வந்துவிட்டாள். போகலாமா கூடாதா என்று தெரியாமல், ஒரு காலை உள்ளே வைத்து நின்றாள்.

அப்போதுதான் தங்கபுஷ்பம் வந்தார். அவருக்குப் பின்னால் அந்தோணிராஜ். தங்கபுஷ்பம் அறைக்குள் பார்க்கவில்லை. தரையைத்தான் பார்த்தார்.

"நித்யா, நீயா இப்படிப் பண்ணுனே? நான் படிக்க வச்ச பிள்ளையா நீ? புத்தகத்தைக் கொண்டு வந்து மிதிபடுற இடத்துலயா போடுவே?"

அவர் கண் கலங்கியிருந்தது. நடிப்பில்லை, உண்மையாகவே அவருக்கு நெஞ்சு பொறுக்கவில்லை. மூட்டுவலியைப் பொருட்படுத்தாமல் குனிந்தார். இரண்டு கையாலும் புத்தகத்தைப் பிடித்தார்.

சண்முகக்கனி ஒரு எட்டு முன்னால் வைத்தாள். நித்யகலா அவள் தோளைத் தொட்டு நிறுத்தினாள்.

"எடுங்க மேடம்" என்றாள் நித்யகலா, பாடம் கேட்கிற பிள்ளையின் மரியாதையோடு. "எடுத்துத் துடைச்சு அலமாரியில வச்சிருங்க. கதவு தானா சாத்திக்கும்."