வயிறு வெளுத்த ஆட்காட்டி

அந்தக் காலத்தில், பறவைகளெல்லாம் வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருந்த நாளில், ஆண்டவர் அவற்றுக்குச் சாயம் பூசி முடித்துக் கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. கிளிக்குப் பச்சை, மயிலுக்கு நீலம், காக்கைக்குக் கருப்பு என்று ஆளுக்கொரு நிறம். "சாயம் காய ஒரு வருஷம் பிடிக்கும். கால் நனையலாம், இறகு நனையக் கூடாது. வெளுத்தால் வெளுத்ததுதான், மறுபடி பூச மாட்டேன்" என்று கண்டிப்பாகச் சொல்லி அனுப்பினார். அந்த வருஷம் மழையும் இல்லாததால் எல்லாருடைய நிறமும் தப்பித்தது.

கொக்கு மட்டும் பசி பொறுக்காமல் மூன்றாம் நாளே மீனைப் பார்த்துப் பாய்ந்துவிட்டார். சாம்பலும் செம்பழுப்புமாக இருந்தவர், தலை முதல் வால் வரை வெள்ளையாக வெளியே வந்தார். அவரைப் பார்த்துச் சிரிக்காத பறவை இல்லை. ரொம்பச் சத்தமாகச் சிரித்தவள் ஆட்காட்டி. அவளுக்குத் தன் நிறத்தில் அவ்வளவு பெருமை. கழுத்திலிருந்து வயிற்றின் அடி வரைக்கும் ஒரே கருப்பு, பட்டு மாதிரி.

சித்திரை பிறந்ததும், வற்றிப்போன ஏரிக்குள் சரளைக் கற்களை ஒதுக்கிவிட்டு அவள் நான்கு முட்டைகள் இட்டாள். அன்றோடு சிரிப்பு போயிற்று. பயம் வந்து உட்கார்ந்துகொண்டது.

"ஏங்க, நரி வந்தா?"

"வராது" என்றான் புருஷன்.

"பாம்பு வந்தா? எருமை வந்து மிதிச்சிட்டா?"

"ஒண்ணும் ஆகாது, சும்மா இரு."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

அவனுக்குத் தெரியாதுதான். அதனால் புழு தேடப் போய்விடுவான்.

அவள் தூரத்தில் ஒரு காய்ந்த பனையோலை உருண்டாலும் எழும்பிப் பறந்து கத்தினாள். பருந்தின் நிழல் விழுந்தாலும் கத்தினாள். ஒரு நாள், இரை தேடிவிட்டுத் திரும்பி வந்த புருஷனைப் பார்த்தே கத்தினாள்.

"நான்தாண்டி! காலையில உன்கூட இருந்தவன்தான்!"

"வேற யாராவது உங்க வேஷத்துல வந்தா?"

அவன் தலையில் அடித்துக்கொள்ளக் கை இல்லாததால் இறகை அடித்துக்கொண்டான்.

கத்துவது கூடப் பரவாயில்லை. கத்தாத நேரத்தில் அவள் மனசுக்குள் நரி வந்தது, முட்டையை உடைத்தது, ஓடுகளுக்கு நடுவில் அவள் தனியாக நின்றாள். அந்த நான்கையும் மனசுக்குள்ளேயே நூறு தடவை பறிகொடுத்தாள். நூறு தடவையும் முழுசாக அழுதாள். சாப்பாடு இறங்கவில்லை. அவள் ஒவ்வொரு தடவை எழும்பிப் பறந்தபோதும் முட்டைகள் வெயிலில் திறந்து கிடந்தன. அதை மட்டும் அவள் கவனிக்கவே இல்லை. கண் முழுக்க வராத நரியின் மேலேயே இருந்தது.

இருபத்தைந்தாம் நாள், உச்சி வேளை. சரளைக்கல் அடுப்புக்கல்லாகக் கொதித்தது. கருவேலம் புதர் ஒன்று அசைந்தது.

"நரி!"

எழும்பப் பார்த்தாள். சிறகு தூக்கவில்லை. கத்தப் பார்த்தாள். வாயிலிருந்து காற்றுதான் வந்தது. இருபத்தைந்து நாளாக இல்லாத நரிக்கு எல்லாவற்றையும் கொடுத்துத் தீர்த்திருந்தாள்.

புதரிலிருந்து ஒரு ஓணான் இறங்கிப் போயிற்று.

ஏரி முழுக்க அமைதி. அவள் சத்தம் நின்றதால் வந்த அமைதி. அந்த அமைதியில்தான் முதல் தடவையாக அவளுக்கு அது கேட்டது. முட்டைக்குள்ளிருந்து, மெல்லிசாக, கீச். பக்கத்து முட்டையிலும் ஒரு கீச். மூன்றாவதிலும். எத்தனை நாளாக அவை கூப்பிட்டுக்கொண்டிருந்தனவோ! நான்காவதின் மேல் காதை வைத்தாள். கொதித்தது. சத்தமே இல்லை.

"ஏங்க!" என்று வராத குரலில் கூப்பிட்டாள். அவள் கத்தாமல் கூப்பிட்டது அவனுக்கே புதிதாக இருந்தது; ஓடி வந்தான்.

"மூணு குரல் கேக்குது. நாலாவது பேசல. வெயில்ல வெந்துக்கிட்டு இருக்குதுங்க."

"ஒண்ணும்..." என்று பழக்கத்தில் ஆரம்பித்தவன், அவள் முகத்தைப் பார்த்து வாயை மூடிக்கொண்டான்.

அவள் மனசு உடனே வேலையை ஆரம்பித்தது. இன்னும் கொஞ்ச நேரத்தில் இன்னொன்றும் பேசாது, பிறகு மற்றொன்று... மிச்சமிருந்த கொஞ்சத் தெம்பும் வடிந்துகொண்டிருப்பது அவளுக்கே தெரிந்தது.

"போதும்" என்று வாய்விட்டுச் சொன்னாள். "நரி இங்க இருக்கா?"

புருஷன் சுற்றிப் பார்த்தான். "இல்ல."

"பாம்பு?"

"இல்ல."

"வெயில் இருக்கு. மூணு குரல் இருக்கு. நீங்க இருக்கீங்க. இருக்கறதை வெச்சு என்ன செய்யலாம், அதை மட்டும் பாப்போம்."

"தண்ணி ஊத்தினா குளிரும். ஆனா எதுல கொண்டு வர? மூக்குல ரெண்டு சொட்டு எடுத்தா, வர்றதுக்குள்ள காஞ்சிடும்."

அவள் குனிந்து தன்னைப் பார்த்தாள். அடர்த்தியான, பட்டு மாதிரியான இறகு.

"ஏய், சாயம்!" என்றான் அவன்.

"இறக்கையை விரிச்சு நிழல் கொடுங்க. வந்துடறேன்."

பறக்கத் தெம்பில்லை, மஞ்சள் காலால் ஓடினாள். ஏரியின் கடைசியில் ஒரு குட்டை மிச்சமிருந்தது. அதன் நடுவில் கொக்கு ஒற்றைக் காலில் நின்றார்.

"வாம்மா, வா. அன்னைக்கு நீ சிரிச்ச சிரிப்பு இன்னும் என் காதுலயே இருக்கு."

"சிரிச்சது தப்புதாண்ணே. கொஞ்சம் நகருங்க."

"இறங்கப் போறியா? வெளுத்துடுவே. உன் குஞ்சு வெளிய வந்து, 'யாரு இந்தக் கிழவி'ன்னு கேக்கும்."

சரியாக அவள் பயந்த இடத்திலேயே கொத்திவிட்டார். ஒரு கணம் நின்றாள். குஞ்சுக்கு அம்மாவை அடையாளம் தெரியாமல் போனால்?

"கேக்கட்டும்ணே" என்றாள். "கேக்கறதுக்குக் குஞ்சு இருக்கணும் இல்ல?"

இறங்கினாள். தண்ணீர் வயிறு வரை ஏறியது. மைப்புட்டி கவிழ்ந்த மாதிரி அவளைச் சுற்றிக் கருப்பு பரவியது. அவள் அதைப் பார்க்கவில்லை. கண்ணெதிரே நீந்திய பூச்சி ஒன்றைப் பிடித்து விழுங்கினாள், ஓடுவதற்குத் தெம்பு வேண்டும் என்று. இறகு நனைந்து கனத்ததும் கரையேறினாள்.

நான்கின் மேலும் ஈரத்தோடு படுத்தாள். சுர்ரென்று சத்தம் வந்தது. நான்காவது பேசவில்லை.

மறுபடி ஓடினாள். வழியில் நரி மனசுக்குள் வந்து நின்றது. "இப்ப வேலை இருக்கு, அப்புறம் வா" என்று அதனிடம் சொல்லிவிட்டுத் தாண்டிப் போனாள். அடுத்த நடைக்கும் அது வந்தது. அதையேதான் சொன்னாள்.

நான்காவது நடையில் புருஷன், "நீ நிழல் கொடு, நான் போறேன்" என்றான். அவனும் இறங்கினான்.

"புருஷனுமா!" என்று கொக்கு சிரித்தார். "சரி, நம்ம கூட்டம் பெருகுது." பிறகு என்ன நினைத்தாரோ, கொஞ்சம் நகர்ந்து நின்றார். "அங்க இறங்காத தம்பி, சுடுதண்ணி. இந்தப் புதர் நிழலுக்கு வா. இதுதான் ஜில்லுனு இருக்கும்."

மாறி மாறிப் பொழுது சாயும்வரை ஓடினார்கள். எத்தனை நடை என்று யாரும் எண்ணவில்லை. ஏரிக்கரையில் வெயில் இறங்கியபோது, அவள் வயிற்றுக்கடியில் எதுவோ தட்டியது. ஒரே ஒரு தட்டு. அப்புறம், மிக மெதுவாக, கீச்.

"நாலு" என்றாள்.

மறுநாள் மூன்று குஞ்சுகள் ஓட்டை உடைத்து வந்தன. நான்காவது, எல்லாரையும் காக்க வைத்துவிட்டு, உச்சி வேளையில் வந்தது. வந்ததும் அவளை மேலும் கீழும் பார்த்தது. மேலே கருப்பு, கீழே வெள்ளை, சொட்டச் சொட்ட ஈரம்.

"நீதான் அம்மாவா?"

"ஆமா."

குஞ்சு வேறெதுவும் கேட்கவில்லை. அந்த வெள்ளைக்குள் புகுந்துகொண்டு, "ஜில்லுனு இருக்கு" என்றது.

பயம் அவளை விட்டு ஒரேயடியாகப் போய்விடவில்லை. இன்றைக்கும் ஏரிப்பக்கம் யார் போனாலும் ஆட்காட்டி கத்தத்தான் செய்யும். ஆனால் கத்திவிட்டு இறங்கிவிடும், முட்டையிடம் ஓடும். வெயில் கடுமையானால் தண்ணீருக்கு ஓடும். அன்று முதல்தான் ஆட்காட்டிகள் ஆணும் பெண்ணும் வயிற்று இறகில் தண்ணீர் சுமந்து வந்து முட்டைகளைக் குளிரவைக்கின்றன. அன்று குட்டையில் தண்ணீர் எதுவரை ஏறியதோ, அதுவரைக்கும் அவற்றின் வயிறு வெள்ளை.